ஊசியை நிறுத்தியவர்

என் கணவரை மகான் என்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக் கோயிலில் அவருக்குக் குருபூசை நடக்கிறது. சாப்பாடு போடுகிறார்கள். யாராவது ஒருவர் எழுந்து நின்று, அவர் உயிரை விட்ட கதையைச் சொல்கிறார். மாட்டின் உடம்பிலிருந்து எடுத்த மருந்து என்று தெரிந்ததும் இனி ஊசியைத் தொடமாட்டேன் என்று சொல்லி, சிரித்த முகத்தோடு போய்ச் சேர்ந்தாராம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மகானும் இல்லை, ஒன்றும் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் சாதாரண மனிதர். நடந்ததை நடந்தபடி ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருந்தது சிங்கப்பூருக்கு வடக்கே, லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் அங்கே பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கும் ஆட்களின் பெயர்ப் பதிவும் அவர் கையில். ரப்பர் விலை விழுந்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிக் குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. யார் இருப்பது, யார் போவது என்று துரை சொல்வதை எழுதுகிற வேலை அவருடையது. அந்த வேலையைச் செய்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார். முதலில் அவர் இளைத்ததை நான் அந்தக் கவலை என்றே நினைத்தேன்.

பிறகுதான் தாகம் தொடங்கியது. பானைத் தண்ணீர் பத்தவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து வெளியே போனார். கொல்லைப் பக்கம் அவர் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர் அதைப் பார்த்த உடனே, "ஐயா, இது இனிப்பு நீருங்க, நம்ம கையில இல்ல, குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். அதற்குள் இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். அவருக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. எங்கள் மகள் அப்போது பால் பல் விழுகிற வயதில் இருந்தாள்.

குளுவாங்கில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார், நர்ஸிடம் ஏதோ சொன்னார், எழுதினார், எழுந்து போனார். அன்றைக்கே ஊசி போட ஆரம்பித்தார்கள். என்ன ஊசி, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. சிங்கப்பூர் ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற மனிதர், ஆனால் வெள்ளைக்காரர் முன்னால் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். போடு என்றால் போட்டுக்கொள்வோம், வெட்டு என்றால் காலை நீட்டுவோம்.

ஆனால் மருந்து மருந்துதான். ஒரு மாதத்தில் கன்னம் தேறியது. வேலைக்குப் போனார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்க ஸ்டேஷன்வரை நடந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடுப்படியில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மருந்துக்கு நான்தான் ஆள். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். ஊசி மழுங்கினால் சாணைக்கல்லில் மெல்லத் தேய்க்க வேண்டும். மருந்து பாட்டிலை ஈர மணல் நிரப்பிய சட்டியில் புதைத்துக் குளியலறை மூலையில் வைத்திருப்பேன். அவர் சிறுநீரில் சில சொட்டு எடுத்து ஒரு நீல மருந்தோடு சேர்த்துச் சுடவைப்பேன். நீலமாகவே நின்றால் அன்றைக்கு நல்ல நாள். செங்கல் நிறத்துக்கு மாறினால் சர்க்கரை ஏறிவிட்டது என்று சோற்றில் ஒரு பிடி குறைப்பேன். சோற்றை அளந்து போட்டேன். அவருக்கு அளந்து போட்டுவிட்டு நான் மட்டும் வாரிப் போட்டுக்கொண்டு சாப்பிட மனசு வராமல் நானும் அளந்தே சாப்பிட்டேன்.

சில நாள் மருந்து கூடிப்போய் வியர்த்துக் கொட்டும். அப்போது மனிதருக்குக் கோபம் வரும் பாருங்கள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, பேர் பதியணும்னா காலையில வரணும்னு தெரியாது?" என்று அதட்டினார். நான் சீனித் தண்ணீரைக் கலக்கி வாயில் வைத்தேன். குடித்துவிட்டு வெட்கப்பட்டார். "அப்ப உங்க பேர எழுதிக்கட்டுங்களா கிராணி ஐயா" என்று அந்த வாரம் முழுக்கக் கேலி செய்தேன்.

வெள்ளைக்கார டாக்டர் சீமைக்குத் திரும்பிப் போனார். அவர் இடத்துக்கு யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்தார். சின்ன வயது, மெல்லிய குரல். நோயாளிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிய முதல் டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், வெளியே பெஞ்சில் இருந்தபடிதான். கூட வந்த பெண்பிள்ளைகள் உள்ளே போகிற வழக்கமில்லை. பாதிக் கதவுதான், பேசுவது கேட்கும்.

"உங்களுக்கு இந்த மருந்தைப் பற்றி என்ன தெரியும், ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் தெரியாதுங்க. போடச் சொன்னாங்க, போட்டுக்கிறேன்."

"அப்பிடி இருக்கக் கூடாது. உங்கட உடம்பு. ஏதும் கேக்க விருப்பமெண்டால் கேளுங்கோ."

இவருக்கு அது போதும். இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்தார் போல. எத்தனை நாளைக்குப் போட வேண்டும், மகளுக்கும் வருமா, சோறு கொஞ்சம் கூட்டலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். டாக்டரும் சலிக்காமல் சொன்னார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. கடைசியில், எழுந்திருக்கும்போதுதான் என்று நினைக்கிறேன், "இது எதுலேர்ந்துங்க எடுக்கிறாங்க, ஏதாவது வேரா?" என்று கேட்டார்.

உள்ளே டாக்டர் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"நீங்கள் சைவமோ?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. முட்டைகூட வீட்டுக்குள்ள வந்ததில்ல."

"உங்களிட்டப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஐயா. மாட்டின்ட வயித்துக்குள்ள இருக்கிற ஒரு தசையிலயிருந்து எடுக்கிறது. சில பாட்டிலில பண்டியிலயிருந்தும் வரும்."

நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடு, பன்றி என்று கேட்டதும் எனக்கு அருவருப்பு வரவில்லை. ஐயையோ, இவர் காதில் விழுந்துவிட்டதே என்றுதான் பதறினேன். ஒரு வேர், ஒரு உப்பு என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே இந்த மனுஷன் என்று டாக்டரை மனசுக்குள் திட்டினேன்.

ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெங்கம் தாண்டிய பிறகு தன் இடது கையை, ஊசி போடுகிற இடத்தை, வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து குளித்தார். சாயங்கால ஊசியை நான் எடுத்துக்கொண்டு போனபோது கையை நீட்டினார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டார். இப்படியே சில நாள் போனது. பிறகு ஒரு காலையில் கையை நீட்டவில்லை.

"வேண்டாம். நிறுத்திரலாம்."

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். "பால் குடிக்கிறோமே, அது எதுலேர்ந்து வருது? கோயில் மேளத்துல இருக்கிறது என்ன தோலு? உங்க செருப்பு என்ன தோலு?" என்றெல்லாம் கேட்டேன். சட்டம் படித்த ஆள்போல ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். கோயிலில் பூசை செய்கிற பண்டாரத்தை வரவழைத்து, மருந்துக்குத் தோஷம் கிடையாது என்று சொல்லவைத்தேன். அதற்கும் தலையை ஆட்டினார், கேட்கவில்லை.

ஒருநாள் மட்டும் உண்மையைச் சொன்னார். "எனக்கு மாடுன்றதுகூட இல்ல. ரெண்டு வருஷம் என் உடம்புக்குள்ள ஏத்திக்கிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்த கேக்கல. இந்த ஆளு சைவமா அசைவமான்னு கேக்கக்கூட நான் அவங்களுக்கு ஒரு ஆளா தெரியல. கேட்டிருந்தா, யோசிச்சு, சரி போடுங்கன்னு ஒருவேள சொல்லியிருப்பேன். இப்ப எப்படிச் சொல்றது?"

அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. லயத்து ஆட்களின் பெயரை அடித்த பேனா அவர் கையில்தான் இருந்தது. அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் புரிந்து என்ன செய்ய? அந்த வெள்ளைக்காரன் மேல் இருந்த கோபத்துக்கு இவர் உயிரைக் கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மீண்டும் குளுவாங் போனார். மீதமிருந்த மருந்து பாட்டில்களையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். "வேற யாருக்காவது ஆகும், வீணாக்கக் கூடாது." நான் மறுபடியும் அதே பெஞ்ச். டாக்டர் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும், பட்டினி மாதிரிச் சாப்பாட்டில் சில மாதம் தள்ளலாம், தள்ள முடியாமலும் போகலாம் என்றார். போட்டுக்கொள்வதுதான் தன் ஆலோசனை என்றும் சொன்னார். இவர் நிறுத்துவது என்றார். யோசித்தீர்களா என்றார் டாக்டர். யோசித்தேன் என்றார் இவர். "அப்ப உங்கட முடிவுக்கு நான் மரியாதை தாறன்" என்று டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். இரண்டு கனவான்கள் காரியத்தைப் பேசி முடித்துக்கொண்டார்கள். சிரிஞ்சைக் கொதிக்கவைத்தவளும் சோற்றை அளந்தவளும் வெளியே பெஞ்சில் மடியில் சாய்ந்த மகளோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

என் பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் நான் ஆட்களைக் கூப்பிட்டேன். பெரிய கங்காணி, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், கோயில் காரியம் பார்ப்பவர்கள். எங்களில் ஒரு குடும்பத்தில் பிணக்கு என்றால் நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் வழக்கம். நானும் அதை நம்பித்தான் கூப்பிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். இவர் அவர்களிடம் நிதானமாகப் பேசினார். மாட்டின் தசை, சைவம், பிறவி, உயிர் என்று என்னென்னவோ சொன்னார். என்னிடம் சொன்ன அந்த உண்மையை மட்டும் சொல்லவில்லை. வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, நாங்க உங்களுக்குப் புத்தி சொல்ல வந்தோமே" என்று விழுந்து கும்பிட்டார். வாசலில் நான் பிடித்து நிறுத்தியபோது, "தங்கச்சி, நீ குடுத்து வச்சவ" என்றார். அவரை அடித்திருப்பேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாத்தியார் கோயிலில் இதைப் பேசினார். அவ்வளவுதான். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழம், இளநீர், பூ. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருநீறு வாங்கிப் போனார்கள். முதலில் கூச்சப்பட்டார். "நான் என்ன சாமியாரா, எழுந்திருங்கப்பா" என்றார். பிறகு கொடுக்கப் பழகிவிட்டார். நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிற மனிதருக்கு யாராவது வந்து போவது நன்றாகத்தானே இருக்கும்.

நல்லதும் நடந்தது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களில் ஒருவன் பெரிய குடிகாரன், மனைவியைப் போட்டு அடிப்பவன். அவன் இவர் காலைத் தொட்டு, இனிக் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். செய்தபடி இருந்தான். அவன் பெண்சாதி தினமும் வந்து வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போவாள். "அக்கா, ஐயாவாலதான் என் வீட்டுல அடுப்பெரியுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் என்ன சொல்வேன்? அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அவர் கரைந்துகொண்டே வந்தார். கீரையும் மோரும் வெண்டைக்காயும். கன்னத்தில் மறுபடியும் குழி விழுந்தது. நீல மருந்தை நான் சுடவைப்பதை விட்டுவிட்டேன். எந்த நிறம் வரும் என்று தெரிந்ததுதானே. மகள் பக்கத்தில் படுத்தால், "எலும்பு குத்துதுப்பா" என்பாள். அவர் தலையணையை நடுவில் வைத்துக்கொள்வார். அவர் மூச்சில் கனிந்துபோன பழத்தின் வாசனை வர ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்க யாரும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் பாட்டில்ல ஏதாவது மிச்சம் இருக்கா?"

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லையே. நீங்கதானே எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்தீங்க."

"ஆமா, குடுத்துட்டேன்ல." கொஞ்சம் சிரித்தார். "சும்மாதான் கேட்டேன்."

"வாங்கிட்டு வரட்டுமா?"

வாசல் பக்கம் பார்த்தார். அங்கே மழையில் கரைந்துகொண்டிருந்த கோலத்தைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரோடு பத்து வருடம் குடித்தனம் செய்தவள் நான். வேண்டாம் என்றால் அந்த மனிதர் உடனே சொல்லிவிடுவார், மற்றதற்குத்தான் பேசாமல் இருப்பார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டில் மகளை விட்டுவிட்டு, தனியாக ரயில் ஏறினேன். அதுவரை நான் தனியாகப் போனதே இல்லை. அன்றைக்குப் பெஞ்சில் உட்காராமல் பாதிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அவர் தன்ட வாயால ஊசி வேணுமெண்டு சொன்னவரோ?"

"சொல்லல. ஆனா கேட்டாருங்க. எனக்குத் தெரியும்."

"நீங்கள் சொல்லிறதை நம்பிறன், அம்மா. ஆனால் அவர் ஒரு முடிவு சொன்னவர். அதை மாத்திறதெண்டால் அவர்தான் மாத்த வேணும். நான் வந்து கேக்கிறன். ஓமெண்டால் அந்த நிமிசமே போடுவம்."

சொன்னபடி தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மத்தியான ரயிலில் என்னோடு வந்தார். பையில் மருந்தும் ஐஸ் கட்டியும் இருந்தன. நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். பிழைத்துவிட்டார், பிழைத்துவிட்டார் என்று ரயில் ஓடுகிற சத்தத்தோடு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு நினைவில்லை.

வீட்டில் நிற்க இடமில்லை. கோயிலில் பூசை முடித்து எல்லாரும் நேராக இங்கே வந்திருந்தார்கள். வாத்தியார், கங்காணி, கோயில்காரர்கள், லயத்துப் பெண்கள். அவரைச் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தில் ஒரு மாலை போட்டிருந்தார்கள். டாக்டர் வந்ததும் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள், ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை. எங்களில் அது வழக்கமும் இல்லை. டாக்டர் வந்தால் கட்டிலைச் சுற்றி நின்று என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள், நகர்ந்து போனால்தான் தப்பாக நினைப்பார்கள். டாக்டரும் அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்திருப்பார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டரின் பையைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த உயிர் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. நேராக அடுப்படிக்கு ஓடினேன். சிரிஞ்சைக் கொதிக்கவைக்க வேண்டுமே. ஊதிப் பற்றவைத்து, சட்டியில் தண்ணீர் ஊற்றி, பழைய சிரிஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கழுவினேன். தண்ணீர் கொதி வந்துகொண்டிருந்தபோது முன்கட்டில் டாக்டரின் குரல் கேட்டது.

"ஐயா, நீங்கள் முந்தி ஒரு முடிவு சொன்னியள். இப்ப அதை மாத்த விருப்பமோ? ஊசி போடட்டோ? எதுவெண்டாலும் உங்கட விருப்பம்தான்."

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நான் அடுப்படி வாசற்படிக்கு வந்தேன். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் அந்தக் குடிகாரனின் பெண்சாதி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். கழுத்து மாலையைக் கையால் தொட்டார்.

"வேண்டாங்க" என்றார்.

பெண்கள் அழுதார்கள். யாரோ சிவசிவா என்றார்கள். நான் கத்தினேன். "எல்லாரும் வெளிய போங்க, திரும்பக் கேளுங்க டாக்டர், திரும்பக் கேளுங்க" என்றேன். கங்காணி என் தோளைப் பிடித்து, "தங்கச்சி, ஐயா மனசக் கலைக்காத" என்றார். டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. "அவர் தெளிவாச் சொல்லிப்போட்டார், அம்மா" என்றார். பாட்டிலையாவது வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். வேண்டாம் என்றவர் பக்கத்தில் மருந்தை வைத்துவிட்டுப் போவது அவரைக் கட்டாயப்படுத்துவது போல ஆகும் என்று மறுத்துவிட்டார். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்.

கற்பூரம் காட்டிவிட்டுக் கூட்டமும் கலைந்தது. விளக்கு வைக்கிற நேரம். மாலையைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கச் சிரமப்பட்டார். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் எல்லார் முன்னாலயும் கேக்க விட்ட?"

அவ்வளவுதான் சொன்னார். நான் டிரசர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தார். ரயில் போய்விட்டிருந்தது. தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினார். நான் வீட்டுக்கு வந்தபோது இவர் மூச்சு மாறிவிட்டிருந்தது. பெரிய பெரிய மூச்சாக, ஓடி வந்தவர்போல வாங்கினார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

காலை முதல் ரயிலில் டாக்டர் ஓடி வந்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் எல்லார் முன்னாலும் கேட்கவிட்டாய் என்று இவர் சொன்னதை நான் சொல்ல, அதை நம்பி, வந்த வேகத்தில் மருந்தை ஏற்றினார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஏற்றினார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உச்சி வேளைக்கு முன்னால் என் கணவரின் மூச்சு அடங்கிவிட்டது. வாசலில் நின்ற ஆண்கள் ஊசி போட்டதைப் பார்த்தார்கள். ஆனால் பிறகு யாரும் அதைச் சொன்னதில்லை.

டாக்டர் சிரிஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நான் அவரிட்டக் கேட்டனான், அம்மா. ரெண்டு தரமும் அவரிட்டத்தான் கேட்டனான்."

"கேட்டீங்க" என்றேன். "என்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருந்தா, எப்பக் கேக்கணும்னு சொல்லியிருப்பேன்."